ஆரக்கிள் குவெரியிலிருந்தே போர்ட் சோதனை: யூடிஎல்_டிசிபி நீண்டகாலப் பயன்பாட்டில்

"என் லேப்டாப்பிலிருந்து டெல்நெட் அடித்தால் போர்ட் திறக்கிறது, ஜாப் மட்டும் ஃபெயில் ஆகிறது." நெட்வொர்க் டீமுக்கும் டிபிஏவுக்கும் (டேட்டாபேஸ் நிர்வாகிக்கும்) நடுவே டிக்கெட் பந்தாடப்படுவது பெரும்பாலும் இந்த வரியில்தான் தொடங்கும். லேப்டாப் டெல்நெட் லேப்டாப்பின் வழியைத்தான் சொல்லும். ஜாப் ஓடுவதோ டேட்டாபேஸ் சர்வரில். அங்கே ஷெல் (கமாண்ட் அடிக்கும் திரை) அனுமதி கிடைக்காதபோது கைகொடுப்பது, ஆரக்கிள் டேட்டாபேஸுக்குள்ளிருந்தே நெட்வொர்க் இணைப்பைத் திறக்கும் யூடிஎல்_டிசிபி (UTL_TCP) பேக்கேஜ். இணைப்பு சர்வரிலிருந்தே கிளம்புவதால், வரும் பதிலும் சர்வருக்கான பதில்.

ஆரக்கிளின் 12சி பதிப்பு வந்த பிறகு இதற்குத் தனி புரொசீஜர்கூட வேண்டாம். குவெரியின் தலையில் வித் ஃபங்ஷன் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினால் போதும். ஓபன்_கனெக்‌ஷனுக்கு ஹோஸ்ட், போர்ட் கொடுத்து, திறந்ததும் மூடி 'ஓகே' அனுப்பலாம். எக்செப்ஷனில் டிபிஎம்எஸ்_யூடிலிட்டியின் ஃபார்மட்_எர்ரர்_ஸ்டாக்கை, அதாவது பிழைச் செய்திகளின் அடுக்கைத் திருப்பிக் கொடுங்கள். பிழைச் செய்தி தரும் எஸ்க்யூஎல்எர்ரம் (SQLERRM) 512 பைட்டில் நின்றுவிடும். அடுக்கின் அடியில் இருக்கும் எண்தான் பல நேரம் நமக்கு வேண்டியது. இந்த ஃபங்ஷனை செலக்ட் பகுதியில் மட்டும் வையுங்கள். வேர் பகுதியில் வைத்தால் எத்தனை முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்தக் கருவியின் அருமை, வெற்றியைவிடத் தோல்வியில்தான் தெரியும். ஓரா-24247 என்ற பிழை எண் வந்தால் ஃபயர்வால் டீமை எழுப்ப வேண்டாம். ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. 11ஜி பதிப்பில் வந்த நெட்வொர்க் ஏசிஎல் (யார் எந்த ஹோஸ்டுக்குப் போகலாம் என்ற அனுமதிப் பட்டியல்) டேட்டாபேஸுக்குள்ளேயே தடுத்துவிட்டது. 12சி முதல் அப்பெண்ட்_ஹோஸ்ட்_ஏஸ் மூலம் அந்த யூசருக்கு கனெக்ட் அனுமதி கொடுத்து, டிபிஏ_ஹோஸ்ட்_ஏசஸ் வியூவில் சரிபார்க்கலாம். குவெரியில் ஹோஸ்டை எப்படி எழுதுகிறீர்களோ, ஏசிஎல்லிலும் அப்படியே எழுதுங்கள். அங்கே பெயர், இங்கே ஐபி என்று கலந்தால் தலைவலிதான். பெயரை ஐபியாக மாற்றிப் பார்க்கும் யூடிஎல்_ஐஎன்ஏடிடிஆருக்கு ரிசால்வ் என்ற தனி அனுமதி வேண்டும்; அதற்குப் போர்ட் எல்லை கொடுக்கக் கூடாது. அவசரத்தில் நட்சத்திரக் குறி போட்டு பப்ளிக்குக்கே திறந்துவிடும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. அது சோதனை அல்ல, ஓட்டை.

ஏசிஎல் தாண்டியபின் ஓரா-29260 வரும், கூடவே ஒரு டிஎன்எஸ் (TNS, ஆரக்கிளின் நெட்வொர்க் அடுக்கு) பிழை எண்ணும் வரும். 12541 என்றால் அந்த முனையில் யாரும் அந்தப் போர்ட்டில் கேட்கவில்லை, அல்லது நடுவில் ஏதோ ஒன்று முகத்திலடித்தாற்போல் மறுக்கிறது. 12545 என்றால் முதலில் பெயரைச் சந்தேகப்படுங்கள். சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எப்போதோ போட்ட பழைய வரியும் காரணமாக இருக்கலாம். 12535 டைம்அவுட். ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும்போது வருவது இதுதான்.

அந்த விழுங்கல்தான் பெரிய தொல்லை. ஓபன்_கனெக்‌ஷனில் இருக்கும் டிஎக்ஸ்_டைம்அவுட், இணைந்த பின் படிப்பதற்கும் எழுதுவதற்குமானது. இணைவதற்கான காத்திருப்புக்கு அதை நம்ப வேண்டாம். லினக்ஸ் இயல்பாக 6 முறை மறுமுயற்சி செய்து கைவிட ஏறத்தாழ 127 வினாடி ஆகும். டேபிளில் 20 ஹோஸ்ட் வைத்து ஒரே குவெரியில் ஓட்டி, இருபதும் விழுங்கப்பட்டால் 40 நிமிடத்துக்கு மேல் திரை அசையாது. செஷன்களின் நிலையைக் காட்டும் வி$செஷனில் வெயிட் ஈவென்ட்டாக 'டிசிபி சாக்கெட் (கேஜிஏஎஸ்)' என்று நின்றால், குவெரி உறையவில்லை, பதிலுக்காக நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம். சந்தேகமான ஹோஸ்ட்களைத் தனித்தனியாக ஓட்டுவதே மேல்.

'ஓகே' வந்தாலும் முழுதாக நம்பக் கூடாது. நடுவில் லோட் பேலன்சர் (வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் கருவி) இருந்தால், பின்னால் சர்வர் படுத்திருக்கும்போதும் அதுவே கைகுலுக்கி அனுப்பிவிடக்கூடும். போர்ட் 25 என்றால் கெட்_லைன் போட்டு ஒரு வரி படியுங்கள். 220 என்று தொடங்கினால் மெயில் சர்வர் பேசுகிறது. ஆரக்கிளின் வழக்கமான போர்ட்டான 1521 அப்படித் தானாகப் பேசாது. அங்கே படிக்க முயன்றால் டிஎக்ஸ்_டைம்அவுட் கட்டாயம். நேரம் தீர்ந்ததும் ஓரா-29276 வரும். அது பிழையல்ல, எதிர்பார்த்ததுதான்.

மறுமுனையும் ஆரக்கிள் என்றால் டிபி லிங்க் (ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கான இணைப்பு) வழியாக டூயல் என்ற ஒற்றை வரி டேபிளை செலக்ட் செய்வது இன்னும் நேர்வழி. ஓரா-12514 அல்லது ஓரா-01017 வந்தால் மகிழ்ச்சியடையலாம்: நெட்வொர்க் சரி, பிரச்சினை சர்வீஸ் பெயரிலோ பாஸ்வேர்டிலோ. ஓரா-12154 வந்தால் சர்வரில் இருக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் (இணைப்புப் பெயர்கள் உள்ள) ஃபைலைப் பாருங்கள், உங்கள் லேப்டாப்பில் இருப்பதை அல்ல. வெறும் செலக்ட்கூட டிரான்சாக்‌ஷன் திறக்கும். கமிட் செய்யாமல் லிங்க்கை மூடப் போனால் ஓரா-02080.

ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்கள் (நோடுகள்) சேர்ந்து நடத்தும் ஆர்ஏசியில் ஒரே குவெரி ஒரு முறை ஓகே, மறுமுறை டைம்அவுட் என்று மாறி மாறி விளையாடும். எல்லா நோடுக்கும் பொதுவான ஸ்கேன் முகவரி வழியாக எந்த நோடில் விழுந்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஃபயர்வாலில் ஒரு நோடின் ஐபிக்கு மட்டும் விதி போட்டிருப்பார்கள். செலக்ட்டில் சிஸ்_கான்டெக்ஸ்ட்டின் சர்வர்_ஹோஸ்ட்டையும் சேர்த்துவிட்டால் எந்த நோட் என்பது பதிலிலேயே இருக்கும். மாற்று டேட்டாபேஸைத் தயாராக வைத்திருக்கும் டேட்டா கார்டிலும் இதே கதை: இரண்டும் இடம் மாறும் ஸ்விட்ச்ஓவருக்கு மறுநாள் காலை மெயில் போகவில்லை என்றால், புதிய பிரைமரியின் ஐபிக்கு விதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.