லிஜ்ஜத் உளுந்து அப்பளம்: முயல் மட்டும் நினைவில் நின்ற கதை

தணலில் சுட்டுத் தின்ன ஏற்ற அப்பளம் வேண்டுமென்று, மிளகும் பெருங்காயமும் சேர்ந்த லிஜ்ஜத் உளுந்து அப்பளத்தை வாங்கினேன். முதல் பாக்கெட் நமுத்துப் போயிருந்தது. கடைக்காரர் அதை ஈரச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்ததுதான் காரணமே தவிர அப்பளத்தின் குற்றமன்று என்பதால், வேறு கடையில் வாங்கிய இரண்டாவது பாக்கெட்டைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் எண்ணெயில் விழுந்த நொடியில் பூரித்தெழும். இது அப்படிப் பொங்குவதில்லை. இடுக்கியில் பிடித்துச் சிறு தீயின்மேல் திருப்பித் திருப்பிக் காட்டினால், ஓரம் மெல்லச் சுருண்டு, மேலெங்கும் வெண்மையாகச் சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. கணநேரம் கவனம் பிசகினால் கருகிவிடும். என் முதல் அப்பளம் அப்படித்தான் போயிற்று. வாயிலிட்டதும் முதலில் உப்பும் பெருங்காயமும் தெரிகின்றன. இடித்த மிளகின் காரம் சற்றுத் தாமதித்துத் தொண்டையில் ஏறுகிறது. சாம்பார் சாதத்துக்கு என் ஓட்டு இன்னும் நம் ஊர் அப்பளத்துக்கே. தயிர் சாதத்துக்கும் மாலைத் தேநீருக்கும் இதுவே பொருத்தம்.

தூர்தர்ஷன் காலத்தவர்களுக்கு லிஜ்ஜத் என்றதும் விளம்பரத்தில் அப்பளத்தைக் கடித்துச் சிரித்த பொம்மை முயல்தான் நினைவுக்கு வரும். அந்த அப்பளத்தை இட்டவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் விழிப்போம். 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காவ் பகுதியில், 80 ரூபாய் கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அன்று தேறியவை நான்கே பாக்கெட்டுகள். முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2021இல், அதாவது 62 ஆண்டுகள் கழித்து.

நம் பக்கத்திலும் "அப்பளம் இட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தாள்" என்ற பேச்சு பல குடும்பங்களில் உண்டு. தியாகம் என்று போற்றும் அந்தப் பேச்சில், அவள் நாளொன்றுக்கு எத்தனை அப்பளம் இட்டாள், நூற்றுக்கு என்ன கூலி வாங்கினாள் என்ற கணக்கு வருவதே இல்லை. லிஜ்ஜத் பெண்கள் செய்த பெரிய காரியம் அந்தக் கணக்கை எழுதி வைத்ததுதான் என்பேன். 1966இல் சங்கமாகப் பதிவு செய்துகொண்ட அமைப்பில் இன்று சுமார் 45,000 பெண்கள் உறுப்பினர்கள். காலையில் கிளைக்கு வந்து, முந்தின நாள் இட்டுக் காயவைத்த அப்பளத்தைக் கொடுத்து, தரம் பார்த்த பின் கூலியைப் பெற்றுக்கொண்டு, அன்றைக்கான பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். மாவை ஓரிடத்தில் பிசைவதால் சுவை மாறுவதில்லை. வீட்டிலேயே இடுவதால், வேலைக்கு வெளியே அனுப்பாத குடும்பத்துப் பெண்ணும் சம்பாதிக்க முடிகிறது. இலாபமோ நட்டமோ உறுப்பினர்கள் அனைவருக்கும் பங்கு உண்டு. ஆண்கள் சம்பளத்துக்கு வேலை செய்யலாம், உறுப்பினராக முடியாது. இந்த விதியைக் கேட்டு என் வீட்டில் ஒருவர் முகம் சுளித்தார், இரண்டாவது அப்பளத்தை எடுத்துக்கொண்டே.

இத்தனை பெரிய அமைப்பாகியும் குழவியும் பலகையும் போகவில்லை என்பது அப்பளத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிகிறது: வட்டம் அச்சில் வார்த்தது போல இல்லை, ஓரத்தில் ஓரிடம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அந்த மெலிந்த பக்கம்தான் முதலில் கருகும் என்பதால், சுடும்போது அதைத் தீக்குக் கடைசியாகக் காட்டுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பாசிப்பருப்பு வகையும் இருக்கிறது. நான் அடுத்துப் பூண்டு சேர்ந்ததை வாங்கவிருக்கிறேன்.