காலாவதியான பாஸ்போர்ட்: சாதாரணமா, தட்கலா?

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "தட்கலில் போட்டுவிடலாமா?" என்பதுதான். கூடுதலாக 2,000 ரூபாய் கட்டினால் வேலை சட்டென்று முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. சிலருக்கு அது உண்மையாகவே முடிகிறது. இன்னும் பலருக்கு அந்தப் பணம் தேவையே இல்லாத செலவு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அறிய இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: பாஸ்போர்ட் காலாவதியாகி எவ்வளவு காலம் ஆகிறது, அதில் என்னென்ன விவரங்களை மாற்றப்போகிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வயதுவந்தவருக்கு 10 ஆண்டு செல்லுபடியாகும் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. 60 பக்கம் என்றால் 2,000, தட்கலில் 4,000. இரண்டு முறைகளிலும் கையில் கிடைக்கும் புத்தகம் ஒன்றுதான். செல்லுபடிக் காலமும் ஒன்றுதான்.

அப்படியானால் அந்த 2,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? ஒன்று, பாஸ்போர்ட் மையத்துக்கு நேரில் போகவேண்டிய நேர்காணல் தேதிக்குத் தனி ஒதுக்கீடு. இரண்டு, போலீஸ் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் பாஸ்போர்ட் அச்சாவது. தட்கல் விண்ணப்பம் ஏற்கப்பட்டால், விண்ணப்பித்த நாளைத் தவிர்த்து மூன்றாவது வேலை நாளுக்குள் பாஸ்போர்ட் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. போலீஸ் சரிபார்ப்பு தேவைப்பட்டால் அது பிறகு நடக்கும். தட்கல் விரைவாக இருப்பதற்கு இவை இரண்டுமே காரணம்.

இனி உங்கள் நிலைமைக்கு வருவோம். காலாவதியாகி 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கிறீர்கள், முகவரியும் பெயரும் மாறவில்லை, முந்தைய பாஸ்போர்ட் முறையான சரிபார்ப்புக்குப் பிறகு வழங்கப்பட்டது என்றால், பொதுவாக முன்கூட்டிய போலீஸ் சரிபார்ப்பு கேட்கப்படுவதில்லை. தட்கல் எந்தக் காத்திருப்பைத் தவிர்த்துத் தருகிறதோ, அந்தக் காத்திருப்பே உங்களுக்கு இல்லை. மிச்சமிருப்பது நேர்காணல் தேதி மட்டும். இணையதளத்தில் உங்கள் மையத்தின் சாதாரண ஒதுக்கீட்டில் அருகிலேயே ஒரு தேதி கிடைத்தால், தட்கல் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பணம் கட்டும் முன் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

3 ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. விண்ணப்பத்திலேயே இதற்குத் தனித் தெரிவு உண்டு; அதைக் குறித்ததும் போலீஸ் சரிபார்ப்புக்குத் தயாராகிவிட வேண்டியதுதான். சாதாரண முறையில் கோப்பு மாவட்டக் காவல்துறைக்குப் போகும். அங்கிருந்து காவல் நிலையத்துக்கு வரும். காவலர் வீட்டுக்கு வருவார், அல்லது உங்களை நிலையத்துக்கு அழைப்பார். அறிக்கை திரும்பிய பிறகே அச்சு. எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் கையிலும் இல்லை, பாஸ்போர்ட் அலுவலகத்தின் கையிலும் இல்லை. பயணத் தேதி முடிவாகிவிட்டவருக்குத் தட்கல் இங்கேதான் உண்மையிலேயே கைகொடுக்கிறது. வேலைக்காக வளைகுடா போகவேண்டியவர் விசா காலக்கெடுவை வைத்துக்கொண்டு போலீஸ் அறிக்கைக்காகக் காத்திருப்பது நியாயமே இல்லை. அவர் தயங்காமல் தட்கலில் விண்ணப்பிக்கட்டும்.

ஆனால் தட்கல் எல்லோருக்கும் திறந்த கதவு அல்ல. பாஸ்போர்ட் தொலைந்தவர்கள், பாஸ்போர்ட் அடையாளம் தெரியாத அளவுக்குச் சேதமடைந்தவர்கள், பெயரைப் பெரிய அளவில் மாற்றுகிறவர்கள் போன்றோர் சாதாரண வழியில்தான் வரவேண்டும். தகுதி இருந்தாலும், தட்கலில் ஏற்பதா இல்லையா என்ற இறுதி முடிவு பாஸ்போர்ட் அலுவலகத்துடையது. ஆவணங்களிலும் கண்டிப்பு அதிகம். ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முன்னாலேயே பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதை முன்கூட்டியே திருத்திக்கொள்வது எந்தத் தட்கலையும்விட நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்கல் ஒதுக்கீட்டில் தேதி கிடைக்காவிட்டால் சாதாரண ஒதுக்கீட்டில் முயலலாம். ஆனால் விண்ணப்பம் தட்கலாகவே இருப்பதால் கட்டணமும் தட்கல் கட்டணம்தான்.

அடுத்த போட்டி, எந்த மையத்துக்குப் போவது என்பது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் உள்ளன. அவற்றின் கீழே பெரிய பாஸ்போர்ட் சேவை மையங்கள் இருக்கின்றன. 2017 முதல் தபால் நிலையங்களிலும் சிறிய மையங்கள் திறக்கப்பட்டுவருகின்றன. பெரிய மையத்தில் ஏ, பி, சி என மூன்று கட்டக் கவுன்ட்டர்கள்: முதலில் ஆவணம், படம், கைரேகை, அடுத்து சரிபார்ப்பு அதிகாரி, கடைசியில் அனுமதி வழங்கும் அதிகாரி. ஆவணத்தில் ஏதாவது குழப்பம் இருந்தால் முடிவெடுக்கக்கூடிய அதிகாரி அங்கேயே இருக்கிறார். தபால் நிலைய மையத்தின் பலம் அது வீட்டுக்கு அருகில் இருப்பது. எதுவும் மாறாத எளிய புதுப்பித்தலுக்கு, குறிப்பாக வயதானவர்களை அழைத்துப்போக, அதையே சொல்வேன். பெயர் மாற்றம், பிறந்த தேதித் திருத்தம் என்றால் பெரிய மையமே மேல். 2018 முதல் நாட்டின் எந்த மண்டல அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்பதால், சென்னையில் தேதி கிடைக்காதவர் திருச்சியையும் பார்க்கலாம். போலீஸ் சரிபார்ப்பும் பாஸ்போர்ட் வந்து சேர்வதும் விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில்தான். அதனால் இப்போது எங்கே வசிக்கிறீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு வேறு நகரத்தில் இருந்தால் "விண்ணப்பதாரர் அங்கே வசிக்கவில்லை" என்ற அறிக்கை போய், கோப்பு அப்படியே நின்றுவிடும்.

36 பக்கமா 60 பக்கமா என்பதில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பக்கம் தீர்ந்தால் கூடுதல் தாள் சேர்க்க முடியாது, முழுக் கட்டணத்தோடு புதிதாகத்தான் வாங்கவேண்டும். கப்பல் பணியாளர்களும் அடிக்கடி பறக்கும் வியாபாரிகளும் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது சரி. சிங்கப்பூர் இப்போது முத்திரை குத்துவதில்லை. மற்ற நாடுகளிலும் முத்திரை குறைந்துவருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை போய்வருபவருக்கு 36 பக்கம் தாராளம். குழந்தைகளுக்கு 36 பக்கம் மட்டுமே உண்டு.

தானே விண்ணப்பிப்பதா, முகவரிடம் கொடுப்பதா என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. தானே விண்ணப்பிப்பதுதான் நல்லது. பாஸ்போர்ட் இந்தியா என்ற அரசுத் தளத்தின் முகவரி 'கவ்.இன்' என்று முடியும். அதே சாயலில் போலித் தளங்கள் பல உலவுகின்றன, பணத்தோடு ஆதார் விவரங்களையும் பிடுங்கிவிடுகின்றன. தளத்தில் 'ரீஇஷ்யூ' (மறுவழங்கல்) பிரிவைத் தேர்ந்தெடுங்கள்; காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆனாலும் நீங்கள் புதிய விண்ணப்பதாரர் அல்ல. பத்தாம் வகுப்பு முடித்திருந்தும் பழைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை (வேலைக்குச் சில நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருந்தால், சான்றிதழைக் கொண்டுபோய் இப்போதே நீக்கிக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது அந்த அனுமதிக்காக அலையும் சிரமம் இல்லாமல் போகும்.

காலாவதியாவதற்கு ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க அனுமதி இருக்கிறது. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாத செல்லுபடி எதிர்பார்க்கின்றன. ஆகவே பாஸ்போர்ட்டில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே அது பயணத்துக்கு உதவாமல் போய்விடலாம். அந்த ஓராண்டுக்குள் சாதாரண முறையில் விண்ணப்பிப்பவருக்குத் தட்கல் பற்றி யோசிக்கும் தேவையே வராது.

வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில்தான் புதுப்பிக்கவேண்டும். உடனே ஊர் திரும்ப வேண்டுமென்றால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அது இந்தியா வந்துசேர மட்டுமே பயன்படும்; வந்தபின் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். வேலை விசா கையில் இருப்பவர் இந்த வழியை எடுக்கும் முன் நன்றாக யோசிக்கட்டும்.

சாதாரணமோ தட்கலோ, நேர்காணலுக்குப் பழைய பாஸ்போர்ட்டின் அசலும் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் சுயசான்றிட்ட நகலும் வேண்டும். ரத்து செய்து திருப்பித் தரும் பழைய புத்தகத்தைத் தூக்கிப்போடாதீர்கள். அதில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் புதிய பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டிப் பயணம் செய்யலாம்.