மகள் பரதம் பழகும் இடம்

தஞ்சாவூரில் பிள்ளைக்குப் பரதம் சொல்லிக்கொடுக்க இடம் தேடுகிறீர்களா? ஜவகர் சிறுவர் மன்றத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயது வரை சேரலாம், சனி ஞாயிறுகளில் வகுப்பு. பாட்டு, ஓவியமும் உண்டு. கட்டணம் ரொம்பக் குறைவு; தையல் வேலை பார்க்கும் என்னாலேயே யோசிக்காமல் கட்ட முடிந்தது.

இதற்கு முன் மகளை ஒரு தனியார் வகுப்பில் விட்டிருந்தேன். மூன்றாம் மாதமே மேடை ஏற்றிவிட்டார்கள். உடை வாடகை, மேக்கப், போட்டோ என்று பணம் போனதுதான் மிச்சம். முட்டிகளைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டிகூட அவளுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. ராத்திரியில் முழங்கால் வலிக்கிறது என்று அழுவாள்.

மன்றத்தில் முதல் நான்கு மாதமும் தட்டடவுதான், அதாவது பாதத்தால் தரையைத் தட்டிப் பழகும் முதல் பாடம். டீச்சர் தட்டுக்கழியால் தாளம் போட்டு ‘தையா தை’ சொல்ல, பிள்ளைகள் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், தட்டவேண்டும். முட்டி முன்னால் வந்தால் உடனே நிறுத்தி, பக்கவாட்டில் விரித்து உட்காரவைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. “எப்ப டீச்சர் பாட்டுக்கு ஆடுவா?” என்று கேட்டேன். கோபப்படவில்லை. “கண்ண மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்கம்மா” என்றார். எட்டுப் பிள்ளைகள் தட்டினார்கள். ஏழு பாதம் ஒன்றாக விழுந்தது, ஒன்று மட்டும் ஒரு நொடி பிந்தி. கண்ணைத் திறந்தால், அது என் மகள். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அலாரிப்பு என்னும் முதல் நடனத்தை ஆடுகிறாள், முழங்கால் வலி இல்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி வரிசையை அமைத்தவர்கள் தஞ்சை நால்வர் என்ற அண்ணன் தம்பிகள் நான்கு பேர். அவர்கள் வீடு நம் மேலவீதியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுக்குக் காட்டுவேன்.

சீக்கிரம் மேடை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு சரிப்படாது. 16 வயதுக்கு மேல் தொடர நினைத்தால் பக்கத்திலேயே திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் பரதப் படிப்பு இருக்கிறது.

பயிற்சிக்குப் பருத்திப் புடவையே போதும். நைலக்ஸ் வேண்டாம், வியர்வையில் ஒட்டிக்கொண்டு அரைமண்டியில் இழுக்கும். மடிப்பைத் தாராளமாக விட்டுத் தைத்துக்கொடுங்கள்.