ஃபைபர் கனெக்டரைத் துடைக்கும் கிளீனர் பேனா: ஒரு மதிப்பீடு

ஒளியால் தகவல் அனுப்பும் கண்ணாடி இழையான ஆப்டிகல் ஃபைபரின் இணைப்புகளைப் பராமரிப்பவர்கள் பலரும் இன்று கையில் வைத்திருக்கும் 'ஒன் கிளிக்' கிளீனர் பேனாவை அன்றாட வேலையில் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது எல்.சி. என்ற சிறிய வகைக் கனெக்டருக்கான 1.25 மி.மீ. வகை; இந்த அளவு, கனெக்டரின் நடுவில் ஃபைபரைப் பிடித்திருக்கும் ஃபெரூல் என்ற சிறு குழலின் விட்டம். எஸ்.சி., எஃப்.சி. என்ற வேறு வகைக் கனெக்டர்களுக்கு 2.5 மி.மீ. வகையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சமாளிக்க இயலாது.

தூசி துடைக்க இத்தனை ஏற்பாடா என்று கேட்பவர்கள் அளவுகளைக் கவனிக்க வேண்டும். தொலைதூர இணைப்புகளுக்கான சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி செல்லும் நடுப்பகுதியான கோரின் விட்டம் சுமார் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையான கிளாடிங்கையும் சேர்த்தால் 125 மைக்ரான். தலைமுடியின் தடிமனே பெரும்பாலும் 50 மைக்ரானைத் தாண்டும் என்பதால், கண்ணுக்கே தெரியாத ஒரு துகள் கோரை முழுவதுமாக அடைத்துவிடக்கூடும். பாதி ஒளி தடைபட்டாலே 3 டி.பி. (டெசிபெல், ஒளியிழப்பை அளக்கும் அலகு) இழப்பு. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கிலோமீட்டர் ஃபைபருக்குச் சுமார் 0.2 டி.பி. மட்டுமே இழப்பாகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், பாதி ஒளியைத் தடுக்கும் ஒரே ஒரு துகள் 15 கிலோமீட்டர் கேபிள் விழுங்கும் ஒளியைத் தனியாகவே விழுங்கிவிடுகிறது. அதோடும் முடிவதில்லை. இணையும் இரு கனெக்டர் முனைகளும் ஸ்பிரிங் விசையால் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், கடினமான துகள் இடையில் நசுங்கிக் கண்ணாடியிலேயே தழும்பை உண்டாக்கும். அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. அழுக்கான முனையைச் சுத்தமான முனையோடு சேர்த்தால் இரண்டும் அழுக்காகும் என்பதால், பேனலில் சொருகும் குட்டைக் கேபிளான பேட்ச் கார்டை மட்டும் துடைத்துவிட்டுச் சொருகுவது பெரும்பாலும் வீண் வேலை.

இந்தப் பேனாவின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. முனையிலுள்ள மூடியோடு பயன்படுத்தினால் பேட்ச் கார்டின் ஃபெரூலைத் துடைக்கலாம். மூடியைக் கழற்றினால் பேனலில் இரு கனெக்டர்களை எதிரெதிரே இணைக்கும் அடாப்டருக்குள் நுழைத்து, மறுபுறத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் கனெக்டரையும் துடைக்கலாம். அழுத்தும்போது மெல்லிய வெண்ணிற நூல் ஃபெரூலின் முகத்தில் சுழன்றபடி நகர்ந்து, 'கிளிக்' ஒலியோடு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய நூல் முன்னே வருவதால், முன்பு எடுத்த அழுக்கு அடுத்த கனெக்டரில் ஒட்டுவதில்லை. டிஷ்யூ தாளைக் கொண்டு இந்த வேலையைச் செய்யவே முடியாது.

காய்ந்த தூசியை இது பெரும்பாலும் ஒரே கிளிக்கில் எடுத்துவிடுகிறது. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கில்தான் தடுமாறுகிறது: மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முதலில் சிறு தீவுகளாகத் தெரிந்த பிசுக்கு, துடைத்தபின் கோரின் குறுக்கே மெல்லிய படலமாக இழுபட்டிருப்பது தெரியும். அத்தகைய முனைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மிகச் சிறிதளவு பயன்படுத்தி, அது தானாக உலர்வதற்குள் பேனாவால் துடைத்தெடுக்க வேண்டும். உலர விட்டால் ஆல்கஹாலே கறையாகப் படியும். ஆகவே மைக்ரோஸ்கோப் இல்லாமல் இந்தப் பேனாவை மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணைப்பில் ஒளி இருக்கிறதா என்று பார்க்காமல் நேரடிக் கண்ணோக்கு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பது ஆபத்து என்பதால், திரையில் காட்டும் வகையே நல்லது. (கனெக்டரோடு வரும் டஸ்ட் கேப்பை நம்பிப் புது முனையைத் துடைக்காமல் சொருகுபவர்களும் உண்டு; அந்த மூடியே தூசியைக் கொண்டுவந்து சேர்ப்பது வாடிக்கை.)

என்னுடைய மாடலில் இரண்டு குறைகள் உள்ளன. 500 முறைக்கு மேல் உழைக்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், எவ்வளவு நூல் மீதமிருக்கிறது என்று பார்க்க ஜன்னல் எதுவும் இல்லை. தீர்ந்துபோனதை அடுத்த கனெக்டரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. நூல் தீர்ந்தால் மாற்றிப் போட ரீஃபிலும் இல்லை, நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் உடலை அப்படியே எறிய வேண்டும். ரீஃபில் கிடைக்கும் மாடல்கள் சந்தையில் இருப்பதால், அடுத்த முறை அதைத்தான் வாங்குவேன்.