சிவப்பு ஒயினில் சேவல்: பல குளிர்காலம் வீட்டில் சமைத்துப் பார்த்ததில்

கோக் ஓ வான், அதாவது ஒயினில் வேகவைத்த சேவல், செய்யப்போகிறேன் என்று சொன்னால், எந்த ஒயின் ஊற்றுவாய் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். குளிர்காலம் தவறாமல் வீட்டில் இதைச் சமைத்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒயினுக்கு இரண்டாம் இடம்தான். எந்தக் கோழி என்று கேட்பதே சரி.

பிரான்சின் பர்கண்டிப் பக்கத்துப் பண்ணை வீட்டுச் சமையல் இது. வயதாகி, கறி இறுகி, மூட்டுக்கு மூட்டு சவ்வு தடித்துப்போன சேவலுக்காக உண்டானது. அந்தச் சவ்வு சிறுதீயில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும், குழம்பும் உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வரும். சூப்பர் மார்க்கெட் பிராய்லருக்கு வயதே ஐந்தாறு வாரம். கரைய அதில் சவ்வும் இல்லை, அவ்வளவு நேரம் சூட்டைத் தாங்கக் கறியும் இல்லை. முக்கால் மணி நேரம் தாண்டினால் நெஞ்சுக்கறி நார்நாராகப் பிரிந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த ஒயின் ஊற்றினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

நான் இருப்பது திஜோனில், பர்கண்டிக்குள்ளேயேதான். இங்கேயும் சேவல் நினைத்த நேரத்தில் கிடைக்காது. சந்தையில் கோழிக்காரரிடம் முந்தைய வாரமே சொல்லிவைக்க வேண்டும். மூன்று கிலோ வரை இருக்கும், ஆறேழு பேருக்குத் தாராளம். கழுத்தையும் கேட்டு வாங்கிவிடுவேன், குழம்புக்குக் கனம் கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. வேக இரண்டரை மணி நேரம், சில சேவல் மூன்று. சேவல் இல்லாத வாரங்களில் 'லாபெல் ரூஜ்' என்ற பிரெஞ்சுத் தர முத்திரை பெற்ற கோழி. அது குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தொடையும் காலும் மட்டும் வாங்கினால் ஒன்றேகால் மணி நேரம் நன்றாகவே தாங்கும். பிரெஸ் கோழி வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1957 முதல் ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற கோழி, விலையும் அதற்கேற்ற மாதிரி. அதைக் கொண்டுபோய் ஒயினில் முக்குவது வீண், க்ரீமில் சமைத்துச் சாப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. முற்றின நாட்டுச் சேவல் ஒன்று போதும்.

சேவலை எட்டுத் துண்டாக வெட்டி, கேரட், வெங்காயம், பூண்டு, தைம், லாரல் இலையோடு முந்தைய இரவே ஒயினில் ஊறப்போடுவேன். லாரல் இல்லையென்று பிரிஞ்சி இலை போடாதீர்கள், பட்டை வாசம் வந்துவிடும். காலையில் எடுத்தால் தோல் ஊதா நிறத்தில் இருக்கும். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள், நிறம் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போயிருக்கும். அதனால் சாதாரணக் கோழியை நான் இப்போது ஊறவைப்பதே இல்லை. ஊறிய ஒயினை வடிகட்டித் தனியாகக் கொதிக்கவிட்டால் மேலே சாம்பல் நிறத்தில் நுரை திரளும். அதை வழித்தெடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு கலங்கலாகவே இருக்கும். பல சமையல் குறிப்புகளில் இந்த வேலையே இல்லை. கறித்துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குவதும் இப்படித்தான், அலுப்பான வேலை, ஆனால் ஈரத்தோடு போட்டால் சிவக்காமல் வெந்துதான் போகும்.

சரி, ஒயினுக்கு வருவோம். சேவலென்றால் ஒன்றரை பாட்டில், கோழியென்றால் 750 மில்லி ஒரு பாட்டில். பர்கண்டி பினோ நுவார்தான் மரபு, ஆனால் இன்றைய விலைக்கு அதைச் சட்டியில் ஊற்ற மனசு வராது. பக்கத்து போஜொலேயின் கமே திராட்சை ஒயினோ, கோத் து ரோனோ போதும். துவர்ப்பு அதிகமுள்ள போர்தோ வகை வேண்டாம். சுண்டச் சுண்டத் துவர்ப்புதான் மிஞ்சும். கடைசியில் ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட் போட்டால் புளிப்பு அடங்கும். இங்கே வீட்டுச் சமையலில் சிலர் செய்வதுதான்.

சாராயமெல்லாம் ஆவியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே குழந்தைகளுக்குப் பரிமாறுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி ஒரு மணி நேரம் கொதித்தபின்னும் கால் பங்கு மிஞ்சும், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு 5 சதவீதம். கோன்யாக் பிராந்தி ஊற்றித் தீ மூட்டுவது பார்க்க அமர்க்களமாக இருக்கும், ஆனால் அதன் சாராயத்தில் முக்கால்வாசி அப்படியே தங்கிவிடும். நான் அதை விட்டுவிட்டேன், சுவையில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

இதில் வழக்கமாகச் சேர்க்கும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வேண்டாதவர்களுக்குப் புகைபோட்ட வான்கோழித் துண்டுகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. கொழுப்பு குறைவு, அதனால் கூடவே வெண்ணெய் வேண்டும். சின்ன வெங்காயத்தையும் காளானையும் தனித்தனியாக வதக்கிக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் இரண்டும் ஊதாக் கூழாகிவிடும். குழம்பைத் திக்காக்க முன்பெல்லாம் சேவலின் ரத்தத்தையே ஊற்றுவார்கள். இப்போது வெண்ணெயும் மைதாவும் சம அளவு பிசைந்து கரைப்பதுதான் வழக்கம்.

பாத்திரம் எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி. உட்புறம் வெளிர் நிறமென்றால் ஒயின் கறை படியும், சோடா உப்புத் தண்ணீர் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் போய்விடும். எனாமல் இல்லாத இரும்புச் சட்டியில் புளிப்பு பட்டு இரும்பு வாசம் ஏறும். அலுமினியமும் ஆகாது. குக்கர்? சேவலை வேகவைக்க ஆகும். ஆனால் ஒயினைத் திறந்த பாத்திரத்தில் பாதியாகச் சுண்டவிட்டுத்தான் உள்ளே ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசம் மூடிக்குள்ளேயே சுற்றும்.

செய்த அன்றே பரிமாறுவதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், கரண்டியால் அப்படியே எடுத்துவிடலாம், குழம்பின் சுவையும் கூடியிருக்கும். அவித்த உருளைக்கிழங்கோ அகல நூடுல்ஸோ இதற்குச் சரியான ஜோடி. எங்கள் வீட்டில் ஒருவர் சோறும் ஊறுகாயும் கேட்பார், அது அவர் பாடு. குழம்பு மிஞ்சினால் கொட்டாதீர்கள். மறுநாள் சூடாக்கி, வெந்நீரில் உடைத்து அவித்த முட்டையை அதில் இறக்கி, பூண்டு தேய்த்த ரொட்டியோடு சாப்பிடலாம். பர்கண்டியில் அதற்கு ஊஃப் ஆன் மொரெத் என்று பெயர், உணவகங்களில் தனித் தட்டாகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.