திறன் பெருக்கி பழுதான பிறகு: ஓஎஃப்டிஎமும் ஒற்றை ஊர்தியும்

சென்ற மாதம் என் ரேடியோ இணைப்பின் 10 வாட் திறன் பெருக்கி பழுதானது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், தாம் அமைக்கவிருக்கும் இணைப்புக்குப் தரவைப் பல ஊர்தி அலைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் பல்லூர்தி முறையான ஓஎஃப்டிஎம் நல்லதா, ஒரே ஊர்தி அலையில் வரிசையாக அனுப்பும் ஒற்றை ஊர்தி முறை நல்லதா என்று கேட்டார். மென்பொருள் ரேடியோவில் இரண்டையும் நான்கு ஆண்டுகளாக மாற்றி மாற்றி இயக்கி வந்திருக்கிறேன். பெருக்கி பழுதானதற்கு எந்தப் பண்பேற்ற முறையும் காரணமில்லை, தளர்ந்துபோன ஆன்டெனா இணைப்பானே காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

முதலில் ஓஎஃப்டிஎம் எனக்குத் தந்த மகிழ்ச்சி. என் இணைப்பின் பட்டை அகலம் 5 மெகாஹெர்ட்ஸ். நேர் வழியைவிட ஏறத்தாழ 600 மீட்டர் கூடுதலாகச் சுற்றி, 2 மைக்ரோ வினாடி தாமதமாக வந்துசேரும் வலுவான எதிரொலி ஒன்று அதில் உண்டு. வினாடிக்கு 50 லட்சம் குறியீடுகளை அனுப்பும் ஒற்றை ஊர்தியில் இந்த எதிரொலி பத்துக் குறியீடுகளைத் தாண்டிப் போய் விழும். அதைச் சரிசெய்ய நான் எழுதிய, எதிரொலியைக் கணக்கிட்டு நீக்கும் நேரக்கள ஈக்வலைசர் பல மாதங்கள் என் உறக்கத்தைக் கெடுத்தது. ஓஎஃப்டிஎமில் அதே பட்டையை 256 துணை ஊர்திகளாகப் பிரித்தபோது ஒரு குறியீட்டின் நீளம் 51.2 மைக்ரோ வினாடியானது. அதன் முன்னால் 3.2 மைக்ரோ வினாடிச் சுழல் முன்னொட்டை, அதாவது குறியீட்டின் கடைசிப் பகுதியின் நகலைச் சேர்த்ததும், எதிரொலி அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு துணை ஊர்தியையும் ஒரே ஒரு கலப்பெண்ணால் பெருக்கினால் போதும். 500 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் எதிரொலியால் அலை வலுவிழந்து வரிசையாக விழுந்த பள்ளங்களைத் திரையில் முதன்முதலாகக் கண்ட நாள் இன்றும் நினைவில் நிற்கிறது. பள்ளத்தில் கிடந்த துணை ஊர்திகளுக்குக் குறியீட்டுக்கு 2 பிட் ஏற்றும் கியூபிஎஸ்கே, மேட்டில் இருந்தவற்றுக்கு 6 பிட் ஏற்றும் 64 கியூஏஎம் என்று ஏற்றிப் பார்த்தபோது கிடைத்த வேகத்தை ஒற்றை ஊர்தியில் நான் ஒருபோதும் எட்டியதில்லை.

என் மனத்தாங்கல் முழுவதும் உச்சத் திறனைப் பற்றியது. 256 அலைகளும் ஒரே கணத்தில் ஒத்த கட்டத்தில் சேர்ந்தால் உச்சம் சராசரியைவிட 24 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 250 மடங்கு உயரலாம். அது மிக அரிது என்றாலும், 10 டெசிபெல் (பத்து மடங்கு) உச்சங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே 10 வாட் பெருக்கியில் சராசரியாக 1 வாட்டுக்கு மேல் எடுக்கத் துணிவதில்லை. கியூபிஎஸ்கே ஒற்றை ஊர்திக்கு 4 டெசிபெல் இடைவெளி போதும் என்பதால், அதே பெருக்கி 4 வாட் தருகிறது. இலட்சிய பி வகுப்புப் பெருக்கியின் செயல்திறன் முழுத் திறனில் 78.5 விழுக்காடு; 10 டெசிபெல் கீழே இறங்கினால் அது ஏறத்தாழ 25 விழுக்காடாகச் சுருங்குகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. உச்சங்களை வெட்டிப் பார்த்தேன். பக்கத்து அலைவரிசையில் கசிவு கூடியது. வடிகட்டினேன், வெட்டிய உச்சம் மீண்டும் முளைத்தது. இவ்வளவு அழகான ஒரு முறை, வாங்கிய திறனில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்த விடுகிறதே என்ற கோபம் இன்னும் தணியவில்லை.

பழுதுபார்ப்பு முடியும்வரை 2 வாட் மாற்றுப் பெருக்கிதான் கையில் இருந்தது. ஓஎஃப்டிஎமில் 0.2 வாட் மட்டுமே கிடைத்ததால் இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஒற்றை ஊர்தியில் 0.8 வாட் கிடைத்தது, இணைப்பு நின்றது. இம்முறை பழைய ஈக்வலைசரை நான் தொடவில்லை. ஒற்றை ஊர்திக்கும் அதே சுழல் முன்னொட்டைச் சேர்த்து, ஏற்பியில் அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் விரைவு ஃபூரியர் மாற்றம் செய்து, அதிர்வெண் களத்தில் சமன்செய்து, மீண்டும் நேரக் களத்துக்குத் திருப்பினேன். ஆழமான பள்ளங்களில் இரைச்சல் பெருகுவது இதன் உண்மையான குறை. 64 கியூஏஎமுக்குப் போனால் அது நன்றாகவே உறைக்கும். நான்காம் தலைமுறைக் கைபேசி முறையான எல்டிஇ வகுத்தவர்களும் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் கீழிறங்கு திசையில் ஓஎஃப்டிஎமை வைத்துவிட்டு, கைபேசி அனுப்பும் திசைக்கு உச்சம் குறைந்த, ஒற்றை ஊர்தி வகையான எஸ்சி-எஃப்டிஎம்ஏவைத் தேர்ந்தது பெருக்கியையும் மின்கலத்தையும் எண்ணித்தான்.

அனுப்பிக்கும் ஏற்பிக்கும் இடையிலான அதிர்வெண் பிசகும் ஓஎஃப்டிஎமின் துணை ஊர்திகளைக் குலைக்கும். ஆனால் தரவுக்கு முன்னால் அனுப்பும், ஏற்பி முன்பே அறிந்த முன்குறியீட்டைக் கொண்டு அதைத் திருத்திவிடலாம் என்பதால், அது எனக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை.

தனித்தனியாக மதிப்பெண் போட்டால் ஓஎஃப்டிஎமே முன்னால் நிற்கும். நண்பருக்கு நான் எழுதிய பதிலோ, அதிர்வெண் களச் சமன்செய்தலுடன் ஒற்றை ஊர்தியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சரிசெய்த 10 வாட் பெருக்கி திரும்பி வந்து பத்து நாளாகிறது. 1 வாட்டில் ஓஎஃப்டிஎம் பழையபடி நன்றாக ஓடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இணைப்பை இன்னும் அதற்கு மாற்றவில்லை.