கோடாக் கதையா, உங்கள் வாடிக்கையாளர் கதையா?

1975-இல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஃபிலிம் நிறுவனமான கோடாக், 2012-இல் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. விற்பனை பிரசன்டேஷனில் இதைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் எச்சரிக்கைக்குத்தான் அது உதவும். "எங்கள் சாஃப்ட்வேரை வாங்குங்கள்" என்பதற்கு அது சான்றே அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

விற்க வேண்டுமென்றால் உங்கள் வாடிக்கையாளர் கதையே மேல். மூன்று ஸ்லைடு போதும்: முன்பிருந்த நிலை, செய்த மாற்றம், வந்த பலன். "டெலிவரி வேகமானது" என்று பொதுவாக எழுதாதீர்கள். "9 நாள் ஆனது 4 நாளில் முடிகிறது, 6 மாதச் சராசரி" என்று அளந்த காலத்தோடு எழுதுங்கள். அதே சமயத்தில் அந்த வாடிக்கையாளர் கூடுதல் ஆள் எடுத்திருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வாங்கப்போகும் நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்காரர் முதலில் தோண்டுவது அதைத்தான். வாடிக்கையாளர் பெயரைப் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தொழிலும் ஆள் எண்ணிக்கையும் போதும்.